விலகியதற்கான காரணம்

காகிதத்தில் இருந்தவை மூன்றே சொற்கள். அதைக் கொண்டுவந்த பெண்மணி ஆறு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

'தேடியவர் கிடைத்துவிட்டார். நன்றி.'

விலாசம் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை படித்தார். முப்பது வருஷம் தபால் நிலையத்தில், முகவரி சரியில்லாமல் அலையும் கடிதங்களை உரியவரிடம் சேர்க்கும் பிரிவில் இருந்தவர். அங்கே ஒட்டிக்கொண்ட 'விலாசம்' என்ற பட்டப்பெயர், ஓய்வு பெற்றபின் தொடங்கிய இந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கும் கூடவே வந்துவிட்டது. காகிதத்தை எதிர் மேசைக்குத் தள்ளினார்.

எதிர் மேசையில் ரேடியோ. நாற்பது வயது. ஒரு விளம்பரக் கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டியவள். கணவனை விட்டுப் பிரிந்த அதே மாதம் அந்த வேலையையும் விட்டுவிட்டாள். வாய் ஓயாமல் பேசுவாள் என்று விலாசம் வைத்த பெயர்தான் ரேடியோ. வீட்டில் பேச ஆளில்லாததால் ஒரு நாளைக்கு உண்டான பேச்சை ஆபீஸிலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

"நல்ல சேதிதானே மேடம்," என்றாள் ரேடியோ. "எங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் தொலைச்சிட்டுத்தான் வருவாங்க. கிடைச்சிடுச்சுன்னு கவலைப்பட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

வந்தவர் சிரிக்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்காக நடக்கும் ஒரு சின்னத் தொண்டு அமைப்பின் செயலாளர் அவர். செயலாளர் என்று பேரே தவிர, தலைவர், எழுத்தர், பெருக்கித் துடைப்பவர் எல்லாம் அவரேதான். நடந்ததை நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை ஒரு மடல் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்புகிறார். அதில் கட்டம் கட்டமாகக் காணாமல் போனவர்களின் படமும் இரண்டு வரி விவரமும் இருக்கும். ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குப் போகிறது. மடலின் அடியில் 'இனி வேண்டாம்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் 'விலகுவதற்கான காரணம்?' என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. மிஞ்சிப் போனால், மெயில் அதிகம் வருகிறது என்பார்கள். போன வியாழக்கிழமை யாரோ ஒருவர் இந்த மூன்று சொற்களை எழுதிவிட்டு விலகியிருக்கிறார். எழுதியது யார், கிடைத்தது யார், ஒன்றும் தெரியவில்லை. அந்த முகவரிக்கு இவர் எழுதிய நான்கு மெயிலுக்கும் பதில் இல்லை.

ரேடியோ அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செயலாளர் முந்திக்கொண்டார்.

"எங்ககிட்ட இருபத்து மூணு குடும்பம் இருக்கு சார். அதுல ஒருத்தர் கிடைச்சிருக்கார். யாருன்னு தெரியாம நான் யாருக்கும் போன் பண்ண முடியாது. உங்க பிள்ளையா இருக்கலாம்னு இருபத்து மூணு வீட்டுக்கும் சொன்னா, இருபத்து ரெண்டு வீட்டுல அந்தப் பிள்ளை இன்னொரு தடவை தொலைஞ்சு போயிடும்."

ரேடியோ எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

*

அமைப்பின் அலுவலகம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. ஒரே அறை. ஒரு மேசை, ஒரு பழைய லேப்டாப், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. இரண்டில் ஒன்றின் கைப்பிடி மட்டும் தேய்ந்து பளபளத்தது. இங்கே வருகிறவர்கள் அநேகமாகத் தனியாகத்தான் வருவார்கள் போலிருக்கிறது என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள். சுவரில் போன மடலைப் பெரிதாக அச்செடுத்து ஒட்டியிருந்தது. வரிசைக்கு நான்கு முகம், ஆறு வரிசை.

லேப்டாப் ரேடியோவின் கைக்கு வந்தது. இது அவள் ராஜ்ஜியம். மடல் அனுப்பும் சேவை, தொண்டு அமைப்பு என்பதால் பாதி விலைக்குக் கிடைத்தது. மடலை வடிவமைப்பது இலவசமாகக் கிடைக்கும் ஒரு டெம்ப்ளேட்டில். வேலை சுத்தமாக இருந்தது. ஒன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மொத்த மடலையும் ஒரே படமாக்கி அனுப்பியிருந்தார் செயலாளர். ஒவ்வொரு முகத்துக்கும் தனி இணைப்பு கொடுத்திருந்தால், அந்த ஆள் யார் முகத்தைத் தொட்டுப் பார்த்தார் என்று இந்நேரம் தெரிந்திருக்கும், நாங்களும் மெத்தைக் கடை மாடி ஏறி மூச்சு வாங்கியிருக்க வேண்டாம் என்றாள்.

தனித்தனியாக வைத்தால் சில போன்களில் ஒரு முகம் பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் தெரிகிறது என்றார் செயலாளர். எங்கள் பிள்ளை மட்டும் ஏன் சின்னதாகத் தெரிகிறான் என்று ஒரு அம்மா போனில் அழுதாராம். அன்றிலிருந்து ஒரே படம்தான்.

விளம்பரக் கம்பெனியில் பத்து வருஷம் இருந்தும் இப்படி ஒரு காரணத்தை ரேடியோ கேட்டதில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

விலகியவரின் பதிவு வந்தது. தட்டச்சுப் பலகைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டவர் உருவாக்கியதுபோல ஒரு மின்னஞ்சல் முகவரி. எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தன, பெயர் இல்லை. அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், இந்த ஆளுக்குப் போன மடல் எழுபத்தொண்ணு. திறந்து பார்த்தது எழுபத்தொண்ணு. ஒண்ணுகூட விடலை. இப்படி ஒரு வாசகர் கிடைச்சிருந்தா எங்க பழைய முதலாளி அவரைத் தோள்ல தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போயிருப்பார்."

"எத்தனை மணிக்குத் திறக்கிறார்?" என்றார் விலாசம்.

மடல் போவது காலை பத்துக்கு. அந்த ஆள் திறப்பது எப்போதும் மதியம் ஒன்று ஐந்திலிருந்து ஒன்று இருபதுக்குள். ஆறு வருஷமாக அதே கால் மணி நேரம். வேலைக்குப் போகிற ஆள், மதியச் சாப்பாட்டு இடைவேளை என்று விலாசம் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். இருபத்து மூன்று குடும்பங்களில் யாருடைய முகவரியாவது இதுவாக இருக்குமா என்று கேட்டார். இல்லை, எல்லாருடைய முகவரியும் மனப்பாடம் என்றார் செயலாளர்.

சொந்தக்காரர் இல்லை, ஆனாலும் ஆறு வருஷம் ஒரு மடலையும் விடாத ஆள். ரேடியோ பதிவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். சேர்ந்த விதம் என்ற இடத்தில் 'போ-9' என்று இருந்தது.

அது என்னவென்று செயலாளருக்கே மறந்துபோயிருந்தது. யோசித்துத்தான் சொன்னார். அமைப்பு தொடங்கிய புதிதில், மார்க்கெட்டிங் தெரிந்த ஒரு பெண் மூன்று மாதம் உதவிக்கு வந்தாளாம். அவள் யோசனைப்படி இருபது போஸ்டர் அடித்தார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு க்யூஆர் கோடு. எந்தப் போஸ்டரைப் போனில் காட்டி ஒருவர் மடலுக்குச் சேர்ந்தார் என்பது இங்கே பதிவாகிவிடும். ஆள் வராத இடத்தில் மறுபடி ஒட்டி மெனக்கெட வேண்டாம் அல்லவா?

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றாள் ரேடியோ. "ஒன்பதாம் நம்பரை எங்கே ஒட்டினீங்க?"

செயலாளர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இருபது போஸ்டரையும் அவரேதான் தெருத்தெருவாக நடந்து ஒட்டியிருக்கிறார். ஏழு, மருத்துவமனை வாசல். எட்டு, பேருந்து நிலையம், மூன்றாவது தூண். பத்து, நூலகம். நடுவில் ஒன்பதுக்கு எதிரே ஒரு வரி: 'வரவில்லை. மை பரவிவிட்டதாம்.'

ரேடியோ நோட்டை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒட்டாத போஸ்டரைப் பார்த்து ஒருத்தர் சேர்ந்திருக்கார்," என்று மெதுவாகச் சொன்னாள் ரேடியோ.

"அப்படின்னா அது எங்கே இருந்ததோ அங்கேயே பார்த்திருக்கார்," என்றார் விலாசம். "அச்சகத்தை விட்டு வெளியே வராத போஸ்டர். பார்த்தவரும் அச்சகத்துக்குள்ளே இருந்தவர். எந்த அச்சகம்மா?"

செயலாளர் இடத்தைச் சொன்னார். ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. இரண்டு வருஷம் மாதாமாதம் அங்கேதான் மடலைத் துண்டறிக்கையாக அடித்து வாங்கினார். பிறகு மின்னஞ்சல் மட்டுமே போதும், அதுதான் மலிவு, சுலபம் என்றானபின் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே முதலாளியைத் தவிர யாரையும் தெரியாது. கவுண்டரைத் தாண்டி உள்ளே போனதும் இல்லை.

விலாசம் எழுந்து சுவரருகே போனார். இந்த மாத மடலில் யார் யார் புதுசு என்று கேட்டார். இரண்டு பேர் என்றார் செயலாளர். மூன்று வாரம் முன்பு ஞாபகமறதியில் வெளியே போய்விட்ட எழுபது வயது டிரைவர் ஒருவர். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி.

ரேடியோவும் வந்து பக்கத்தில் நின்றாள். கணக்கு அவள் தொழில் இல்லை. இருந்தாலும் நாலாறு எவ்வளவு என்று தெரியாதா? இருபத்து நான்கு. செயலாளர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது இருபத்து மூன்று. அவள் கண் கடைசி வரிசைக்கு, கடைசிக் கட்டத்துக்குப் போனது. பழைய புகைப்படம். இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பையன், கேமராவைப் பார்க்கப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். 'இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பதினான்கு ஆண்டுகளாகக் காணவில்லை.' தொடர்புக்குக் கொடுத்திருந்தது இதே அலுவலகத்தின் எண்.

"மேடம், இது யாரு?"

செயலாளர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"இடம் காலியா இருந்தது," என்றார். "ஒரு குடும்பம் விலகிட்டாங்க. அவங்க அப்பாவோட உடம்பு கிடைச்சிடுச்சு. அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டா, டெம்ப்ளேட்டுல 'உங்கள் படத்தை இங்கே வைக்கவும்'னு தானா வரும். அது நல்லா இருக்காது. அதனால."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை ரேடியோவும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவருடைய ஒரே தம்பி. அப்பா இல்லாத வீட்டில் இவர் வேலைக்குப் போய் அவனைப் படிக்கவைத்தார். அவன் பரீட்சையில் தோற்று, படிப்பை விட்டு, அதை மறைத்து ஒரு வருஷம் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போவதுபோல் போய்வந்தான். விஷயம் தெரிந்த அன்று, அக்கம்பக்கத்தவர் பார்க்க, இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். அவன் ஏறவில்லை. அன்று இறங்கிப் போனவன்தான். அம்மா அந்த அவமானத்தைத் தாங்கமாட்டாமல், பிள்ளை வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். அவள் இருக்கும்வரை அவன் படத்தை எங்கும் போட முடியவில்லை. அவனுக்காகத்தான் இந்த அமைப்பையே தொடங்கினார். ஊரார் பிள்ளைகளை எல்லாம் தேடினார். அம்மா போய் நாலு மாதம் ஆகிறது.

"அவனா இருக்காது சார்," என்று முடித்தார். "அவனுக்கு இப்படி ஒரு மடல் இருக்கிறதே தெரியாது. அதான் உங்ககிட்ட இருபத்து மூணுன்னு சொன்னேன். என்னையும் சேர்த்துக்கிட்டா எனக்கு யோசிக்கவே வராது."

விலாசம் குடையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை வந்த செயலாளர், ஏதாவது நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்மா," என்றார் அவர்.

*

தெருவில் நடக்கும்போது ரேடியோ தன் துப்பறியும் முடிவை எடுத்துவிட்டாள். டிரைவரும் அந்தப் பெண்ணும் இப்போதுதான் தொலைந்தவர்கள், ஆறு வருஷமாக மடல் பார்க்கிறவர் தேடியது அவர்களை இல்லை. அச்சகத்தில் வேலை செய்யும் யாரோ ஒருவருக்கு அந்தத் தம்பியைத் தெரிந்திருக்கிறது. மடலில் படத்தைப் பார்த்ததும் அட, நம்ம ஆளு என்று கண்டுகொண்டு, காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார். வழக்கு முடிந்தது. மதியச் சாப்பாடு சார் செலவு.

"'பாடியவர்'னா யாரு?" என்றார் விலாசம்.

"பாடின ஆள்."

"'எழுதியவர்'?"

"எழுதின ஆள். என்ன சார், பரீட்சை வைக்கிறீங்க?"

"'தேடியவர்'?"

ரேடியோ நடப்பதை நிறுத்தினாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து, திட்டிவிட்டு, விலகிப் போனார்.

"தேடின ஆள்," என்றாள்.

"நாம எல்லாரும் 'தேடப்பட்டவர் கிடைச்சுட்டார்'னே படிச்சோம். அந்தம்மா தேடுறவங்க, அவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். எழுதினவர் அப்படி எழுதலை. தேடின ஆள் கிடைச்சுட்டார்னு எழுதியிருக்கார். அதை யார் எழுத முடியும்?"

தொலைந்துபோன ஒருவன்தான் அதை எழுத முடியும். தன்னை யாராவது தேடுகிறார்களா என்று ஒவ்வொரு மாதமும், ஒரு மடலையும் விடாமல், இருபத்து நான்கு கட்டத்திலும் தேடிக்கொண்டிருந்தவன். எழுபது மடலில் அவன் இல்லை. எழுபத்தோராவதில் இருந்தான். அவன் கிடைத்ததாக எழுதியது அவனை அல்ல, அவனைத் தேடிய ஆளை.

தன் போனில் வரும் தள்ளுபடி விளம்பரங்களை ஒன்றுவிடாமல் திறந்து பார்க்கும் பழக்கம் ரேடியோவுக்கு உண்டு. அவள் பெயரைப் போட்டு 'அன்புள்ள' என்று ஆரம்பிப்பது அவை மட்டும்தான். இப்போது என்னவோ அது நினைவுக்கு வந்தது. அதை வைத்து ஒரு ஜோக் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

*

அச்சகத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தெருவுக்குள் நுழையும்போதே மை வாசனை வந்தது. கவுண்டரில் முதலாளி ஒரு கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். மணமகன் பெயருக்கு ஒரு கால் அதிகமாக விழுந்துவிட்டதாம். பெண் வீட்டார் கவனிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம் என்றாள் ரேடியோ. இந்தக் காலத்தில் மூன்று கால் இருக்கிற மாப்பிள்ளை எங்கே கிடைக்கிறார் என்றதும் முதலாளி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

ஆறு வருஷமாக இங்கே இருப்பவர் முதலாளியைத் தவிர ஒரே ஒருவர்தான். பின்னறையில் கட்டிங் மெஷினில் இருக்கும் ஆள். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, கூப்பிடுவது சைலன்சர் என்று. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மற்றவர்கள் எல்லாம் வெளியே சாப்பிடப் போய்விட்டார்கள். அவர் மட்டும் எப்போதும் உள்ளேயேதான் சாப்பிடுவார்.

சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

பின்னறையில் வெட்டித் தள்ளிய காகித நாடாக்கள் முழங்கால் அளவு குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே காகிதக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்தாறு வயது. காதோரம் நரை. இடது புருவத்தைத் தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. அவர் கையில் போன் இல்லை. இந்நேரத்துக்குப் போன் பார்த்துப் பழகிய கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கிடந்தது.

விலாசம் இன்னொரு கட்டின்மேல் உட்கார்ந்தார். தான் யார், எதற்காக வந்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னார். யாரையும் கையைப் பிடித்து இழுத்துப்போக வரவில்லை, வேண்டாம் என்று சொன்னால் இந்த இடத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். வளர்ந்த மனிதர்களைக் கண்டுபிடிக்கலாம், பிடித்துக்கொடுக்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

சைலன்சர் டிபன் பாக்ஸை மூடினார். மூடியின் கிளிப்பை இரண்டு பக்கமும் அழுத்தினார்.

"குரல்தான் முதல்ல கேட்டுச்சு," என்றார் கடைசியில். "கவுண்டர்ல அக்கா. மை பரவியிருக்கு, எழுத்து சரியா விழலைன்னு முதலாளிகிட்ட சண்டை. நான் மெஷினை நிறுத்திட்டு இங்கேயே நின்னேன்."

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். கவுண்டருக்கும் இந்த அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். பதினைந்து அடிகூட இருக்காது.

கழித்துப்போட்ட போஸ்டரை அவர் குப்பையிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டாராம். அதில் இருந்த க்யூஆர் கோடை வைத்துத்தான் மடலுக்குச் சேர்ந்தார். இரண்டு வருஷம் அக்கா மாதாமாதம் கவுண்டருக்கு வந்தார், இவர் மாதாமாதம் பலகைக்குப் பின்னால் நின்றார். அக்காவின் துண்டறிக்கைகளை இவர்தான் வெட்டினார். ஓரம் ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டினார். பிறகு அக்கா வருவது நின்றுபோனது. மடல் மட்டும் வந்தது.

"ஒவ்வொரு மாசமும் கடைசிக் கட்டம்வரைக்கும் பார்ப்பேன். யார் யார் முகமோ இருக்கும். ஊருல இருக்கிறவங்களை எல்லாம் தேடுறா. என்னைத் தேடலை. சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான்னு நினைச்சுக்குவேன். ஆனாலும் அடுத்த மாசம் பார்ப்பேன்."

"இந்த மாசம் வந்துச்சே," என்றாள் ரேடியோ. "அப்புறம் ஏன் விலகினீங்க?"

"பார்த்துட்டேனே. இனிமே என்னத்தைப் பார்க்கணும்? தேடுறான்னு தெரிஞ்சுது. எனக்கு அது போதும்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு மனிதருக்கு இவ்வளவு போதுமென்று ஆகிவிட எத்தனை வருஷம் பிடித்திருக்கும்? தன் வீட்டுச் சமையலறையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைக்கும்போது, இது போதும் என்று அவளும்தான் தினமும் சொல்லிக்கொள்கிறாள்.

"உங்களுக்குப் போதும்," என்றாள். "அவங்களுக்கு?"

சைலன்சர் நிமிர்ந்து பார்த்தார்.

வேறு யாராவது சொல்லியிருக்கலாம் என்று அவள் விலாசத்தைப் பார்த்தாள். அவர் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அவளே சொன்னாள். ஜோக் எதுவும் கலக்காமல், அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில் சொன்னாள். அம்மா நாலு மாதம் முன்பு போய்விட்டார். கடைசிவரை பிள்ளை வெளிநாட்டில் இருப்பதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பொய்யாக்க மனமில்லாமல்தான் அக்கா உங்கள் படத்தைப் போடவில்லை. தேடாமல் இருந்ததில்லை. உங்கள் முகத்தைப் போட முடியாததால்தான் மற்றவர்கள் முகத்தை எல்லாம் போட்டார்.

அவர் அழவில்லை. கையால் பக்கத்திலிருந்த காகிதக் கட்டின் ஓரத்தைத் தடவி, ஏற்கெனவே நேராக இருந்ததை நேராக்கினார்.

"வெளிநாட்டுல என்ன வேலைன்னு சொன்னாங்களாம் அம்மா?"

ரேடியோவுக்கு அது தெரியாது. செயலாளர் சொல்லவில்லை. பெரிய வேலை என்றார்களாம், அவ்வளவுதான் என்றாள்.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் காகிதம் அறுத்த மெல்லிய கோடுகள். பிறகு எழுந்து, குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கைகழுவினார். முழங்கைவரை, இரண்டு தடவை. திரும்பிவந்து சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டார்.

"அக்காதான் சொல்லணும்," என்றார். "அவகிட்ட கேட்டுக்குறேன்."

*

மூன்று மணி சுமாருக்கு மூவரும் மெத்தைக் கடை மாடிப்படியில் ஏறினார்கள். போன் பண்ணிச் சொல்லிவிட்டு வரலாமா என்று வழியில் ரேடியோ கேட்டாள். வேண்டாம், இதைப் போனில் கேட்டால் அந்தம்மா தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும் என்றார் விலாசம்.

கதவு திறந்திருந்தது. செயலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பதினாறு வயதுப் பெண்ணின் அம்மா பேசுகிறார் என்பது அவர் சொன்ன பதில்களில் தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை நீட்டி நாற்காலியைக் காட்டினார். புதிதாக வரும் குடும்பத்தார் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். சைலன்சர் உட்கார்ந்தார். அதே கை மேசைமேல் துழாவி, ஒரு படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தியது.

அவர் கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். வாசலில் நின்ற ரேடியோவுக்கு அது தெரிந்தது. காணாமல் போனவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். வயதை எழுதினார். கடைசியாகப் பார்த்த இடம் என்பதற்கு நேரே பேனா நின்றது. பிறகு எழுதியது: 'வீட்டுப் படி.'

செயலாளர் போனில் பேசிக்கொண்டே படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். படித்தார். நிமிர்ந்தார்.

பேச்சு பாதியில் நின்றது. போனில் அந்த அம்மா என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது வாசல்வரை கேட்டது. இப்போது போனை வைத்துவிடுவார் என்று ரேடியோ நினைத்தாள். யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள். செயலாளர் வைக்கவில்லை. இன்னொரு கை மேசையைத் தாண்டிப் போய், எழுதிக்கொண்டிருந்த மணிக்கட்டைப் பிடித்தது. விரல் வெளுக்கும்படி பிடித்தது.

"இருக்கேம்மா," என்றார் போனில். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

விலாசம் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும், வழக்கு முடிந்தால் வழக்கமாகச் செய்வதுபோல அவர் எதுவும் சொல்லாமல் பேருந்து நிறுத்தம் பார்த்து நடந்தார். ரேடியோ கொஞ்ச நேரம் மெத்தைக் கடை வாசலிலேயே நின்றாள். மாடியில் அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லுங்கம்மா, அப்புறம், சொல்லுங்க. தம்பியின் குரல் கேட்கவே இல்லை. கையைப் பிடித்திருக்கும்போது அவருக்கு எதற்குப் பேச்சு?

விலாசம் முனைக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் வரவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே, குடையை ஊன்றிக்கொண்டு, நின்றுவிட்டார்.